ஓடுகிற பஸ்ஸில் பாட்டை நிறுத்துவது

புதிதாக லைனுக்கு வந்திருக்கும் தம்பிகளே, கியர், கிளட்ச், பிரேக் பற்றியெல்லாம் நான் வாய் திறக்கப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் வண்டியே சொல்லிக்கொடுத்துவிடும். நான் பேச வந்தது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் இருக்கிற பாட்டுப் பெட்டியைப் பற்றி. விருத்தாசலத்திலிருந்து ஒரு நடை மங்கலம்பேட்டை, ஒரு நடை வேப்பூர் என்று தனியார் பஸ் ஓட்டிவிட்டுப் போன வருஷம்தான் வேலையை விட்டு இறங்கினேன். இத்தனை காலத்தில் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது பிரேக் இல்லை. அந்தப் பெட்டியில் இருக்கிற சவுண்டு குமிழ்தான்.

சிரிக்காதீர்கள். நம்ம முதலாளிமார்கள் ஆயிரம் விஷயத்தில் தப்பு செய்வார்கள், ஆனால் ஒன்றைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பாட்டு இருந்தால்தான் ஜனம் ஏறும். முன்னால் காலியாக ஒரு பஸ் நின்றாலும், பின்னால் வருகிற பாட்டு பஸ்ஸுக்காக நிற்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலையில் முதல் நடைக்குப் பூக்கூடையோடு ஏறுகிறவர்களுக்குச் சாமி பாட்டு வேண்டும். எட்டரை மணி வண்டியில் காலேஜ் பிள்ளைகளுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர வேண்டும். மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்களுக்கு எதுவும் வேண்டாம், உட்கார இடம் கிடைத்தால் போதும். சாயங்காலம் பீங்கான் கம்பெனிகள் இருக்கிற செராமிக் எஸ்டேட்டில் ஏறுகிற பெண்களுக்கு மெதுவான பாட்டு, அதுவும் கூடவே பாட முடிகிற பாட்டு. காதில் பட்ஸ் மாட்டிக்கொண்டு ஏறுகிறவன்கூட, நம் பாட்டு பிடித்துவிட்டால் ஒரு பக்கத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வான். கண்ணாடியில் அதைப் பார்க்கிற அன்றைக்கு எனக்கு டீயே தேவைப்படாது.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷாராக இருங்கள். "அண்ணே, ப்ளூடூத் குடுங்கண்ணே, நம்ம போன்லேர்ந்து போடுறேன்" என்று கெஞ்சுவார்கள். கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை காலேஜ் பையன் ஒருவனுக்குக் கொடுத்தேன். இரண்டு பாட்டு ஜோராக ஓடியது. மூன்றாவது பாட்டின் நடுவில் பஸ் முழுக்க ஒரு பெண் குரல்: "ஏன்டா, ஈரத் துண்ட கட்டுலு மேலயே போட்டுட்டுப் போயிருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" அவனுடைய அம்மா. அவன் போனைக் கட் பண்ணத் தடுமாறுவதற்குள் அவன் வீட்டுச் சமாச்சாரம் முழுவதும் எட்டு ஸ்பீக்கரில் ஓடி முடிந்துவிட்டது. பையன் இரண்டு வாரம் நம் வண்டிப் பக்கமே வரவில்லை. அடுத்தவர் போனை நம் பெட்டியோடு கோத்தால், பாட்டோடு அவர்கள் வீடும் சேர்ந்து ஏறிக்கொள்ளும் என்று அன்றைக்குப் புரிந்தது.

எப்போது பாட்டு வைப்பது என்பது சுலபம். எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் டிரைவர் தெரிவான். மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற நேரம் என்றால் கை தானாகக் குமிழுக்குப் போக வேண்டும். பரீட்சைக் காலத்துக் காலை நடையில் பிள்ளைகள் புத்தகத்தைப் பிரித்துவிட்டால், யாரும் சொல்லாமலே குறைக்க வேண்டும். சாவு ஊர்வலம் எதிரில் வந்தாலோ, சாவு வீட்டுப் பந்தலைத் தாண்டினாலோ குறைப்பதெல்லாம் கிடையாது. முழுக்க நிறுத்திவிட வேண்டும். அங்கே மேளம் அடித்து ஆடிக்கொண்டே வருவார்கள், அது அவர்கள் பாடு. நம் வண்டியில் பாட்டு ஓடக் கூடாது. தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் மறுபடி வைப்பது. இது எங்கள் லைனில் யாரும் எழுதி வைக்காத வழக்கம். மாற்று டிரைவர் ஒருவர் தெரியாமல் பாட்டோடு ஒரு பந்தலைத் தாண்டிவிட்டு, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஜனங்களுக்கும் இது பழகிப்போயிருந்தது. நடுவழியில் சட்டென்று பாட்டு நின்றால் பேச்சும் நின்றுவிடும். எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பும். சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், சிலர் சிலுவை போடுவார்கள். "யாருன்னு தெரியலியே" என்று யாராவது முணுமுணுப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

செராமிக் எஸ்டேட்டில் சாயங்காலம் ஏறுகிறவர்களில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த வயது. பொம்மைக் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதுகிற வேலை. வேப்பூருக்கு முன்னால் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஊர். ஸ்டாப்பிங்கிலிருந்து நடக்க வேண்டும் என்பதால் அவளுடைய அப்பா அந்தோணி தினமும் மொபெட்டில் வந்து புளியமரத்துக்குக் கீழே நிற்பார். நான் ஹாரன் அடிப்பேன், அவர் கையைத் தூக்குவார். எனக்கும் அவருக்கும் உள்ள பழக்கமே அவ்வளவுதான். ஒரு நாளும் உட்கார்ந்து பேசியதில்லை.

ஸ்டெல்லா எனக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்காருவாள். பாட்டு விஷயத்தில் எனக்கு மேலதிகாரி மாதிரி. "அண்ணே, இத நேத்தும் போட்டீங்க" என்பாள். "இதுல ரெண்டாவது சரணத்த முழுங்கிட்டானுங்க, வேற பென்டிரைவ் வாங்குங்க" என்பாள். அவர்கள் வேலை செய்கிற இடத்தில் ஸ்பீக்கர் கிடையாதாம். விளிம்பு உடைந்து கழித்துப் போட்ட ஊறுகாய் ஜாடி ஒன்றை நடுவில் வைத்து, அதற்குள் போனைப் போட்டுவிடுவார்களாம். பாட்டு கும்மென்று கூடம் முழுக்கக் கேட்குமாம். ஆளுக்கொரு நாள் முறை. ஜாடிக்குள் யார் போன் இருக்கிறதோ அன்றைக்கு அவர்கள் இஷ்டம்தான் பாட்டு.

அன்றைக்கு ஸ்டெல்லாவின் முறை. ஏறும்போதே சொன்னாள். "இன்னிக்கி பூரா என் பாட்டுதாண்ணே. சார்ஜு சுத்தமா போயிடுச்சு. வூட்டுக்குப் போற வரைக்கும் நீங்கதான் போடணும்."

"என்னா, எனக்கு ஓவர்டைமா?" என்றேன். கூட ஏறிய பெண்கள் சிரித்தார்கள்.

வண்டி ஊரைத் தாண்டி மக்காச்சோளக் கொல்லைகள் வருகிற இடத்துக்கு வந்திருக்கும். கண்டக்டர் செல்வராசுவின் போன் அடித்தது. நம் லைனில் கண்டக்டர் நம்பர் ஊருக்கே தெரியும். "வண்டி எங்க வருது?" என்று கேட்பதற்கே நாளைக்குப் பத்து பேர் கூப்பிடுவார்கள். அப்படி ஒன்று என்று நினைத்தேன். செல்வராசு போனை வைத்துவிட்டு, டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, நேராக முன்னால் வந்தான். என் பக்கத்தில் இருக்கிற இன்ஜின் பேனட்டில் கையை ஊன்றி என் காதருகே குனிந்தான்.

"அண்ணே, ஸ்டெல்லாவோட அப்பா போயிட்டாராம். கொல்லையில மயங்கி வுழுந்திருக்காரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சாம். பொண்ணுக்குப் போன் போகலன்னு அவங்க சித்தப்பா எனக்கு அடிச்சாரு. பஸ்ஸுல சொல்ல வேணாமாம். தனியா வருது, தாங்காது, ஸ்டாப்பிங்குல நாங்க நிக்கிறோம்னாரு."

கேட்ட உடனே என் இடது கை குமிழைத் தொட்டுவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம். சாவுச் சேதி காதில் விழுந்தால் பாட்டை நிறுத்த வேண்டும், அதற்கு யோசனையே தேவையில்லை. அங்கேதான் தம்பிகளே, கை குமிழ் மேல் இருக்கும்போதே எனக்கு உறைத்தது. நான் நிறுத்தினால் பஸ் முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பும். ஸ்டெல்லாவும் திரும்புவாள். வெளியே ஊர்வலமும் இருக்காது, பந்தலும் இருக்காது. அவள் விவரமான பெண்.

நிறுத்தினால் அவளுக்குச் சொன்ன மாதிரி. நிறுத்தாவிட்டால், அப்பன் செத்துக் கிடக்க அந்தப் பெண்ணை உட்கார வைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறவன் நான். இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் வழி இருந்தது. அவளுடைய மனிதர்கள் கேட்டுக்கொண்டார்கள், அவர்கள் பெண், அவர்களுக்குத்தான் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையை எடுத்துவிட்டேன். பாட்டு ஓடியது.

அன்றைக்கென்று பார்த்து அந்தப் பென்டிரைவில் வந்ததெல்லாம் துள்ளலான பாட்டு. மாற்றலாம் என்றால், மாற்றினால் ஏன் மாற்றினீர்கள் என்று அவளே கேட்பாள். இரண்டு பாட்டு போனது. மூன்றாவதாக வந்தது அவளுக்குப் பிடித்த ஒன்று. முதல் இசை வந்ததுமே பின்னாலிருந்து கம்பியில் தாளம் போடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, கொஞ்சம் சவுண்டு வைங்கண்ணே!"

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. செல்வராசு படியோரம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். நான் சவுண்டு வைத்தேன். அவள் அந்தப் பாட்டை முழுக்கப் பாடினாள். பக்கத்தில் இருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். இத்தனை வருஷத்தில் ஒரு பாட்டு எப்போதடா முடியும் என்று நான் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த ஸ்டாப்பிங்கில் ஒருவர் ஏறினார். ஸ்டெல்லாவின் ஊர்க்காரர், பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறவர். அவருக்குச் சேதி போயிருந்தது, சாவு வீட்டுக்குத்தான் போகிறார். முன் படி வழியாக ஏறினவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார், பாட்டைக் கேட்டார், என்னைப் பார்த்தார். அவளுக்கு இன்னும் தெரியாது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. செல்வராசு பின் படியிலிருந்து ஓடி வருவதற்குள், "ஏன்யா, ஒனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கெடையாதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, எட்டிக் குமிழைத் திருகி நிறுத்திவிட்டார்.

பஸ் அமைதியானது. பேச்சு நின்றது. எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஸ்டெல்லா வலது பக்கம் பார்த்தாள், குனிந்து இடது பக்கம் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெறும் கொல்லை. பிறகு ஏறியவரின் முகத்தைப் பார்த்தாள். கடைசியாகக் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். இந்த முறை எனக்குப் பார்வையைத் திருப்பிக்கொள்ளத் தெரியவில்லை.

"அண்ணே, யாருண்ணே?"

இதற்கு மேல் மறைப்பது துரோகம் என்று தோன்றியது. சித்தப்பா சொன்னது அவள் கேட்காத வரைக்கும்தான் செல்லும். வண்டியை ஓரம் கட்டினேன். ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லக் கூடாது என்று எழுந்து போய் அவளுக்கு எதிரில் நின்றேன்.

"அப்பாம்மா" என்றேன். "கொல்லையில மயங்கி வுழுந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போயிட்டாரு. சித்தப்பா ஸ்டாப்பிங்குல நிக்கிறாரு."

அவள் கத்தவில்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் "ஐயோ யேசுவே" என்று அவளை அணைத்துக்கொண்டாள். ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சவுண்டு வைக்கச் சொன்னப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவ்வளவுதான். அதற்கப்புறம் முன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் வந்து வண்டியை எடுத்தேன். பால் சொசைட்டிக்காரர் பேனட் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இடையில் இறங்க வேண்டியவர்கள் விசிலுக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே படியில் வந்து நின்று இறங்கிப் போனார்கள். புளியமரத்துக்குக் கீழே நாலைந்து மொபெட்டும் ஒரு கூட்டமும் நின்றது. கை ஹாரனுக்குப் போய்த் திரும்பியது.

அன்றைக்குக் கடைசி நடை முடிந்து டீ குடிக்கும்போது செல்வராசு கேட்டான். "அவங்க வூட்டு ஆளுங்க சொன்னததான செஞ்சோம்? நம்ம மேல என்னாண்ணே தப்பு?" நியாயமான கேள்விதான். ஆனால் அவள் கேட்ட கேள்வியில் தப்பு, சரி எதுவும் இல்லை. நான் சவுண்டு வைத்தபோது எனக்குத் தெரியுமா என்றுதான் கேட்டாள். எனக்குத் தெரிந்திருந்தது. அது என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. வீட்டில் டிவியில் பாட்டு ஓடினால்கூட எழுந்து வெளியே போய்விடுவேன்.

துக்கமெல்லாம் முடிந்து அவள் மறுபடி வேலைக்கு வர ஆரம்பித்தாள். அவள் ஏறின முதல் சாயங்காலம் நான் பாட்டை நிறுத்திவிட்டேன். செல்வராசுவும் அதுதான் சரி என்றான். கூட வந்த பெண்களும் தலையாட்டினார்கள். அடுத்த நாளும் நிறுத்தினேன், அதற்கடுத்த நாளும் நிறுத்தினேன். செராமிக் எஸ்டேட் ஸ்டாப்பிங் வரும்வரை பாட்டு ஓடும், அவள் படியில் காலை வைத்ததும் நிற்கும். யாரும் முகம் சுளிக்கவில்லை. பிள்ளைகள் பட்ஸை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்கள். பெண்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு மரியாதை செய்வதாக நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வாரத்தில் ஸ்டெல்லா நம் வண்டியில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். மற்றவர்கள் ஏறுவார்கள். அவள் மட்டும் பின்னால் வருகிற கவர்மென்ட் பஸ்ஸுக்கு நிற்பாள். என் மேல் உள்ள கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்பன் செத்த நேரத்தில் தன்னைப் பாட வைத்தவன் முகத்தைத் தினமும் கண்ணாடியில் யார் பார்ப்பார்கள்? வண்டியில் பாட்டுக்குப் பிறந்தவள் மாதிரி இருந்த பெண், சாயங்கால வெயிலில் தனியாக நின்று நம் வண்டியை அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் எல்லோரும் ஏறிய பிறகும் நான் வண்டியை எடுக்கவில்லை. செல்வராசு விசில் கொடுத்தான். நான் இன்ஜினை அணைத்தேன். டைமிங்குக்காக அடித்துக்கொள்கிற லைனில் ஸ்டாப்பிங்கில் இன்ஜினை அணைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் ஹாரன் கத்தியது. நான் இறங்கி அவள் நின்ற இடத்துக்குப் போனேன்.

"ஏறும்மா. வேற வண்டியில ஏன் போற?"

"நீங்க போங்கண்ணே. நான் பின்னாடி வண்டில வரேன்."

"எம்மேல கோவம் இருந்தா நேரா திட்டிடும்மா. அன்னிக்கி பாட்டு போட்டுக்கிட்டு வந்தது தப்புதான். சவுண்டு வச்சது அதவிடத் தப்பு. ஆனா அதுக்கப்புறம் நீ ஏறுன ஒரு நாளாவது பாட்டு போட்டனா, சொல்லு?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"அன்னிக்கி பாட்டு போட்டது தப்பு இல்லண்ணே. மொதல்ல எனக்கும் ஆத்தாமையாத்தான் இருந்துச்சு. அப்புறம் வூட்டுல ஒக்காந்து யோசிச்சுப் பாத்தேன். அந்தப் பாட்டு ஓடுன வரைக்கும் எங்கப்பா எனக்கு உசுரோட இருந்தாரு. அவரு மரத்தடியில நிக்கிறாருன்னு நெனச்சிக்கிட்டுத்தான் நான் பாடுனேன். பாட்ட நிறுத்துனப்பதாண்ணே எங்கப்பா செத்தாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப நான் ஏறும்போதெல்லாம் நிறுத்துறீங்களே. தெனமும் சாவடிக்கிறீங்கண்ணே."

தம்பிகளே, நாம் சத்தத்தை மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். மரியாதை என்று நாம் நினைத்துச் செய்வது, உட்கார்ந்திருக்கிறவர் காதில் என்னவாக விழுகிறது என்று கேட்பதில்லை. நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. "பாட்டு வைக்கட்டுமா, வேணாமா?" அதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஒரு பஸ் ஜனமும் சேர்ந்து அந்தப் பெண்ணைத் தினமும் சாவு வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம்.

அவள் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் வந்து ஏறினாள், தன்னுடைய ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். இன்ஜினைப் போட்டேன், பாட்டையும் போட்டேன். எந்தப் பாட்டு வந்தது என்றுகூட இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. புளியமரம் வந்தபோது ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தாள். நான் பாட்டை நிறுத்தவில்லை.